மனச்சோர்வு பற்றி ஆராய்ச்சி இப்போது என்ன சொல்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அத்தை பல வருடங்களாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். 2022-ல் ஒரு நாள் எங்கள் குடும்பக் குழுவில் யாரோ ஒரு செய்தியைப் போட்டார்கள்: செரோடோனின் என்ற மூளை ரசாயனம் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்ற கதையே பொய், லண்டனில் நிரூபித்துவிட்டார்கள் என்று. அத்தை அன்று இரவே மாத்திரையை நிறுத்திவிட்டார். நாலாம் நாள் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் சுரீர் சுரீரென்று மின்சாரம் பாய்கிற மாதிரி ஓர் உணர்வு. அந்தச் செய்தி உண்மையில் என்ன சொன்னது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்புறம் படிப்பது நிற்கவே இல்லை. உறவுக்காரர்களும் நண்பர்களும் அதன் பிறகு என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவைதான் கீழே இருக்கும் கேள்விகள். நான் மருத்துவன் இல்லை. மருந்து விஷயத்தில் உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் பேசாமல் எதையும் மாற்றாதீர்கள்.

மன அழுத்தமும் மனச்சோர்வும் ஒன்றுதானே?

இல்லை. நம் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் இரண்டுக்கும் "மன அழுத்தம்" என்றே எழுதிப் பழகிவிட்டதால் வந்த குழப்பம் இது. பரீட்சை, கடன், அலுவலக நெருக்கடி என்று வரும் ஸ்ட்ரெஸ்தான் மன அழுத்தம். நெருக்கடி விலகினால் அதுவும் பெரும்பாலும் தணிந்துவிடும். டிப்ரெஷன் எனப்படும் மனச்சோர்வு வேறு. அதற்கு மருத்துவர்கள் ஒன்பது அறிகுறிகளைப் பார்க்கிறார்கள்: மனம் வாடிக் கிடப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, தூக்கம் கெடுவது, பசி மாறுவது, அசதி, கவனம் நிற்காமை, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், பேச்சும் நடையும் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, சாவைப் பற்றிய நினைப்பு. இவற்றில் குறைந்தது ஐந்து அறிகுறிகள் இரண்டு வாரங்களாக, கிட்டத்தட்ட தினமும் இருக்க வேண்டும். முதல் இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

நம் ஊரில் யாரும் மருத்துவரிடம் போய் "மனம் வாடியிருக்கிறது" என்று சொல்வதில்லை. தலை பாரமாக இருக்கிறது, உடம்பெல்லாம் வலிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, ராத்திரி முழுக்க யோசனையாக ஓடுகிறது என்பார்கள். சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அத்தையும் இரண்டு வருடம் அப்படித்தான் அலைந்தார்.

மூளையில் செரோடோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்றார்களே, அது பொய்யா?

நிரூபிக்கப்படாத ஒன்றை நிரூபித்தது போலச் சொல்லிவந்தார்கள் என்பதுதான் சரி. அந்த எண்ணம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

1950-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து சிரிக்கவும் ஆடவும் ஆரம்பித்தார்கள். அதே காலத்தில் நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தாவிலிருந்து எடுத்த ரெசர்பின், ரத்த அழுத்தத்துக்காக உலகம் முழுக்கக் கொடுக்கப்பட்டது. அதைச் சாப்பிட்ட சிலர் சோர்ந்து போனார்கள். முதல் மருந்து மூளையில் செரோடோனின், நார்அட்ரினலின் போன்ற பொருட்களைக் கூட்டுகிறது, இரண்டாவது குறைக்கிறது என்று பிறகு தெரிந்தது. அப்படியானால் இவை குறைவதுதான் மனச்சோர்வு என்று கணக்குப் போட்டார்கள். 1965-ல் ஜோசப் ஷில்ட்கிராட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை ஒரு கருதுகோளாக எழுதினார். அவர் பேசியது முக்கியமாக நார்அட்ரினலினைப் பற்றி, அதுவும் எச்சரிக்கையோடு. 1987 கடைசியில் அமெரிக்காவில் செரோடோனினைக் கூட்டும் ப்ரோசாக் என்ற மனச்சோர்வு மாத்திரை அனுமதி பெற்ற பிறகு, விளம்பரங்கள் அந்த எச்சரிக்கையைக் கழற்றிவிட்டு "ரசாயனக் குறைபாடு" என்று வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

2022 ஜூலையில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஜோனா மான்கிரீஃபும் அவரது குழுவும், இது பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்து ஓர் ஆய்விதழில் வெளியிட்டார்கள். மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் செரோடோனின் குறைவாக இருக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பது அவர்கள் முடிவு. அடுத்த வருடம் அதே இதழில் பல ஆய்வாளர்கள் சேர்ந்து மறுப்பு எழுதினார்கள். சில ஆய்வுகளைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள், செரோடோனினுக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றார்கள். ஆனால் "ஒரு பொருள் குறைந்தது, நோய் வந்தது" என்ற எளிய கதையை அவர்களும் தூக்கிப் பிடிக்கவில்லை.

குடும்பக் குழுவுக்கு வந்த செய்தியில் விடுபட்டது இதுதான்: அந்த ஆய்வு மாத்திரை வேலை செய்கிறதா என்பதைப் பார்க்கவே இல்லை. சளி பிடித்தால் சுக்குக் கஷாயம் கேட்கிறது. அதனால் உடம்பில் சுக்கு குறைந்துதான் சளி வந்தது என்று யாராவது சொல்வோமா? காரணம் ஒன்று, கேட்கிற மருந்து ஒன்று.

சரி, மாத்திரை வேலை செய்கிறதா, இல்லையா?

செய்கிறது. பலர் நம்புகிற அளவுக்கு இல்லை, சிலர் பயமுறுத்துகிற மாதிரி வெறும் பம்மாத்தும் இல்லை. 2018-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்ட்ரியா சிப்ரியானி குழு 522 சோதனைகளை, 1,16,477 பேரின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்து அலசியது. பார்த்த 21 மருந்துகளும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக இருந்தன. ஆனால் சராசரி வித்தியாசம் பெரிதல்ல. சராசரி என்பதில் மறைந்துபோகிற ஒன்று உண்டு: சிலருக்கு நன்றாகக் கேட்கும், சிலருக்குத் துளியும் கேட்காது. எந்த மருந்து யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை இன்னும் வரவில்லை. அதனால்தான் மருத்துவர் ஒன்றை ஆறு வாரம் கொடுத்துவிட்டு மாற்றுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு மருந்து கேட்காவிட்டால் அடுத்தது, அதுவும் கேட்காவிட்டால் அதற்கடுத்தது என்று நான்கு கட்டம் போனால் 67 சதவீதம் பேர் குணமாவார்கள் என்று அமெரிக்காவின் ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வு 2006-ல் சொன்னது. உலகமெங்கும் மேற்கோள் காட்டப்பட்ட எண் அது. 2023-ல் வேறொரு குழு அதே தரவுகளை, ஆய்வு தொடங்கும்போது எழுதிவைத்த விதிகளின்படியே மறுபடி கணக்கிட்டது. கிடைத்தது 35 சதவீதம். எனக்கு இது கோபம் தரும் விஷயம். பதினேழு வருடம் நோயாளிகளுக்குப் பாதி உண்மைதான் சொல்லப்பட்டிருக்கிறது.

நன்றாக ஆகிவிட்டேன். மாத்திரையை நிறுத்தலாமா?

மருத்துவரோடு சேர்ந்து, படிப்படியாக என்றால் பேசிப் பார்க்கலாம். திடீரென்று வேண்டாம். 2024-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 79 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மருந்தை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்குத் தொந்தரவுகள் வந்தன. வேடிக்கை என்னவென்றால், வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேருக்கு வந்தன. ஆக, மருந்தால் மட்டும் வருவது ஆறு ஏழு பேரில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். கடுமையாக வருவது மிகச் சிலருக்கு. அந்தச் சிலரில் என் அத்தையும் ஒருவர் என்பதால் அந்தக் கணக்கு எனக்கு ஆறுதல் தரவில்லை.

நிறுத்தினால் நோய் திரும்புமா என்பது அடுத்த கவலை. பிரிட்டனில் நெடுநாள் மாத்திரை சாப்பிட்டு, நலமாக உணர்ந்த 478 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. 2021-ல் முடிவு வந்தது. ஒரு வருடத்துக்குள், நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கும், தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு திரும்பியது. இதை இரண்டு விதமாகவும் படிக்க முடியும். நிறுத்துவதில் ஆபத்து உண்டு. நிறுத்தியும் நன்றாக இருந்தவர்கள் பத்தில் நான்கு பேருக்கு மேல். அத்தை மறுபடி ஆரம்பித்து, பல மாதங்கள் எடுத்து, இப்போது அளவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்.

இது பரம்பரை நோயா? பெண் பார்க்கும்போது விசாரிக்கிறார்களே?

2003-ல் ஒற்றை மரபணு ஒன்றின் மாறுபாட்டைச் சுட்டிக்காட்டி, இது இருப்பவர்களுக்குக் கஷ்டம் வந்தால் மனச்சோர்வும் வரும் என்று ஓர் ஆய்வு வெளியானது. பெரும் பரபரப்பு. 2019-ல் லட்சக்கணக்கானவர்களின் தரவுகளில் தேடியபோது அது நிற்கவில்லை. 2025 ஜனவரியில் 29 நாடுகளின் தரவுகளை வைத்து வந்த பெரிய ஆய்வு கிட்டத்தட்ட 700 மரபணு மாறுபாடுகளைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. "டிப்ரெஷன் மரபணு" என்று ஒன்று இல்லை. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், சர்க்கரை நோய் போல. சர்க்கரை நோய்க்காக யாரும் கல்யாணத்தை நிறுத்துவதில்லை.

மயக்க மருந்து, போதைக் காளான் எல்லாம் மருந்தாகிறதாமே?

கெட்டமின் பற்றிய செய்தி உண்மை. அறுவை சிகிச்சையில் பல காலமாகப் பயன்படும் மயக்க மருந்து அது. 2000-ல் யேல் பல்கலைக்கழகத்தில், விரல் விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளிடம் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான மாத்திரைகள் வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் மாற்றம், இதில் மணிக்கணக்கில் வந்தது. அதன் ஒரு வகையான எஸ்கெட்டமின், மூக்கில் தெளிக்கும் மருந்தாக 2019 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருத்துவமனையிலோ கிளினிக்கிலோதான் எடுக்க வேண்டும், இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். பலன் சீக்கிரம் கரைந்துவிடுவதும், பழக்கமாகிவிடும் ஆபத்தும் அதன் குறைகள்.

காளானில் இருக்கும் சைலோசைபின் பெரும்பாலான நாடுகளில் இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. 2022-ல் 233 பேரிடம் நடந்த சோதனையில், மூன்றாம் வாரம் அதிக அளவு எடுத்தவர்களில் 37 சதவீதம் பேருக்கும், பெயரளவுக்கு எடுத்தவர்களில் 18 சதவீதம் பேருக்கும் நல்ல முன்னேற்றம். பன்னிரண்டு வாரம் அது நீடித்தவர்கள் இதைவிடக் குறைவு. இந்த வகை ஆய்வுகளில் ஒரு அடிப்படைச் சிக்கல்: எதைச் சாப்பிட்டோம் என்று நோயாளிக்கு உடனே தெரிந்துவிடும். நம்பிக்கை எவ்வளவு வேலை செய்தது, மருந்து எவ்வளவு என்று பிரிக்க முடிவதில்லை. இதே வரிசையில் வந்த எம்.டி.எம்.ஏ. என்ற போதைப்பொருளை, போர், வன்முறை போன்ற அதிர்ச்சிகளால் வரும் பாதிப்புக்கு மருந்தாக ஏற்க 2024 ஆகஸ்டில் அமெரிக்க அரசு மறுத்தது. தயவுசெய்து யாரும் கொடைக்கானலுக்குப் போய்க் காளான் தேடாதீர்கள். இந்தச் சோதனைகளில் பக்கத்திலேயே பயிற்சி பெற்றவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஷாக் கொடுத்துவிடுவார்களோ என்று அம்மா பயப்படுகிறார்.

சினிமா செய்த கொடுமை இது. மின்அதிர்வுச் சிகிச்சை இப்போது மயக்க மருந்து கொடுத்து, தசையைத் தளரவைத்துத்தான் தரப்படுகிறது. அப்படி இல்லாமல் கொடுப்பதை இந்தியாவின் 2017 மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. மருந்துக்கு மசியாத கடும் மனச்சோர்வில் நன்றாகக் கேட்கும் சிகிச்சைகளில் ஒன்று. நினைவு மங்குவது அதன் உண்மையான பக்கவிளைவு, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வுக்குத் தனி மருந்து வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. சுரனோலோன் என்ற மாத்திரை, 14 நாள் மட்டும் சாப்பிடுவது, 2023 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நல்ல செய்திதான். ஆனால் என் மனதைத் தொட்டது அதற்கு முன்னால் பாகிஸ்தான் கிராமங்களில் நடந்த ஒன்று. ஏற்கனவே வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பெண் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளிடம் பேசவைத்தார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதத்தில் பார்த்தபோது, அவர்கள் பேசிய தாய்மாரில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. வெறும் வருகை மட்டும் கிடைத்த தாய்மாரில் 53 சதவீதம். 2008-ல் வெளியான ஆய்வு. இங்கே கிராம சுகாதார செவிலியர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அப்படிப் பேசக் கற்றுத்தரலாம்.

கவுன்சிலிங் என்றால் வெறும் பேச்சுதானே? அதற்கு ஏன் காசு?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான் என்று சொல்லலாம்.

கோவாவில் மனநல ஆய்வாளர் விக்ரம் படேலும் அவரது சங்காத் அமைப்பும் ஒன்று செய்தார்கள். மனநலத்தில் எந்தப் படிப்பும் இல்லாத உள்ளூர்க்காரர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார்ந்து, கடும் மனச்சோர்வுடன் வந்தவர்களிடம் ஆறிலிருந்து எட்டு முறை பேசினார்கள். மொத்தம் 495 பேர் சோதனையில் இருந்தார்கள். மூன்று மாதத்தில், பேச்சு கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம்.

என்ன பேசினார்கள்? அறிவுரை இல்லை. "மனசு சரியானதும் கோயிலுக்குப் போகிறேன், அப்புறம் தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன்" என்று நாம் தள்ளிப்போடுவோம் இல்லையா? அதைத் தலைகீழாகத் திருப்புவதுதான் அந்தப் பேச்சு. மனசு சரியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரம் செவ்வாய்க்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போங்கள், போய்வந்த பிறகு எப்படி இருந்தது என்று குறித்து வையுங்கள், அடுத்த வாரம் பேசலாம். முடியாமல் போனால் எது தடுத்தது என்று சேர்ந்து பார்ப்பார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. மனச்சோர்வில் கிடப்பவருக்குப் படுக்கையைவிட்டு எழுவதே மலை. அந்த மலையைச் சின்னச் சின்னப் படிகளாக வெட்டித் தருவதற்குப் பயிற்சி வேண்டும். வீட்டில் நாம் "சும்மா எதையாவது போட்டு யோசிக்காதே" என்று சொல்வதற்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான்.

ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் பாட்டிமாரைத் தேர்ந்தெடுத்தார். தலைநகர் ஹராரேயில் மருத்துவ நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்சு, அதில் பயிற்சி பெற்ற பாட்டி. அங்கே ஷோனா மொழியில் இந்த நோய்க்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் "குஃபுங்கிசிசா". அதாவது அளவுக்கு மீறி யோசிப்பது. படித்ததும் எனக்கு அத்தையின் குரல் கேட்டது: "யோசனை நிக்கவே மாட்டேங்குதுடா." 2016-ல் வந்த முடிவின்படி, ஆறு மாதம் கழித்து, பாட்டிகளிடம் பேசியவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் மிஞ்சியிருந்தன. மற்றவர்களில் 50 சதவீதம்.

நடைப்பயிற்சி, யோகா போதாதா?

லேசானதற்கு நன்றாகவே உதவுகிறது. 2024-ல் 218 ஆய்வுகளைத் தொகுத்ததில் நடை, ஓட்டம், யோகா, எடைப் பயிற்சி எல்லாமே பலன் தந்தன. பல ஆய்வுகளின் தரம் சுமார்தான். கடும் மனச்சோர்வில் இருப்பவரிடம் "வாக்கிங் போ, சரியாகிடும்" என்று சொல்லிவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போடவைக்காதீர்கள்.

இரவு இரண்டு மணிக்கு ஏ.ஐ.யிடம் பேசுகிறேன். தப்பா?

தப்பில்லை, ஆனால் எதை நம்பலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். 2025 மார்ச்சில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி 210 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு வந்தது. தெரபாட் என்ற செயலியைப் பயன்படுத்திய மனச்சோர்வாளர்களின் அறிகுறிகள் சராசரியாகப் பாதியாகக் குறைந்தன. ஆனால் அது சிகிச்சைக்கென்றே வருடக்கணக்கில் உருவாக்கப்பட்டது, அதன் பதில்களை மனிதர்கள் கவனித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் கைப்பேசியில் இருக்கும் பொதுவான அரட்டை இயந்திரம் அப்படிப்பட்டதல்ல. நாம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் குணம் அதற்கு உண்டு. "நான் எதற்கும் உதவாதவன்" என்று நினைப்பவருக்குத் தலையாட்டும் துணை ஆபத்து.

மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும்?

சென்னையில் "கீழ்ப்பாக்கம்" என்பார்கள், இலங்கையில் "அங்கொடை" என்பார்கள். இரண்டும் நோயாளிகளைக் காப்பாற்றும் மருத்துவமனைகள் இருக்கும் இடங்கள். அவற்றை வசவாக்கி வைத்திருக்கிறோம். 2015–16-ல் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள் இருந்தன. மனச்சோர்வுள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்று அது சொன்னது. புதுப்புது மருந்துகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்த எண்தான் எனக்கு ஞாபகம் வரும். இருக்கிற மருந்தும் பேச்சுமே நூறில் பதினைந்து பேருக்குத்தான் போய்ச் சேர்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு, மருந்தும் இலவசம். உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது.

சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று நேரடியாகக் கேட்டால், நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகாதா?

ஆகாது. இதைப் பல ஆய்வுகள் சோதித்துவிட்டன. கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை, சிலருக்குப் பாரம் இறங்குகிறது. சுற்றி வளைக்காமல், பதறாமல் கேளுங்கள். "ஆமாம்" என்றால் தனியாக விடாதீர்கள், திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். வீட்டில் ஆபத்தான பொருட்களை எட்டாத இடத்துக்கு அப்புறப்படுத்துங்கள். அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணியும், அதைத் தாண்டவைப்பதுதான் காரியம். இதற்கு இலங்கையே சாட்சி. 1995 முதல் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த அந்த நாட்டில், அடுத்த இருபது வருடங்களில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது.

இந்தியாவில் 14416, டெலி-மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி, இருபத்து நாலு மணி நேரமும், தமிழிலும், இலவசம். இலங்கையில் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் எண். கூப்பிடத் தயங்கினால் நீங்களே எண்ணைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, போனை அவர் கையில் கொடுங்கள்.